முதல் மாத்திரைக்கு எத்தனை வாரம்?

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

உங்களிடம் ஓர் எண் கேட்டுத்தான் இந்த மடல். சென்னையில் ஓர் இளைஞருக்கு முதன்முதலாகச் சைக்கோசிஸ் என்னும் தீவிர மனநோய் தலைகாட்டிய நாளுக்கும், அவர் முதல் மாத்திரையை விழுங்கும் நாளுக்கும் இடையே எத்தனை வாரம் ஓடுகிறது? புறநோயாளிச் சீட்டையும் படுக்கையையும் கணக்கு வைக்கிறீர்கள். இந்தக் கணக்கையும் எழுதத் தொடங்குங்கள்.

அந்த வாரங்கள் எப்படிப் போகின்றன என்பது பல வீடுகளுக்குத் தெரியும். கல்லூரிப் பையன் தூங்குவதில்லை. மின்விசிறியில் ஒட்டுக்கேட்கும் கருவி இருக்கிறது என்று அதைப் பழைய வேட்டியால் சுற்றிக் கட்டுகிறான். அம்மா கொடுக்கும் சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளுகிறான். "பையன் ஒரு மாதிரி ஆயிட்டான்" என்று குரலைத் தாழ்த்திப் பேசிக்கொள்கிறார்கள். காதல் தோல்வி, கஞ்சா, செய்வினை என்று ஆளுக்கொரு காரணம். தாயத்து, தர்கா, தலைக்கு ஸ்கேன் எல்லாம் முடிந்து, ஒருநாள் தெருவில் கலாட்டாவாகி, நாலு பேர் பிடித்து ஆட்டோவில் ஏற்றிய பிறகுதான் மனநல மருத்துவர் அவனைப் பார்க்கிறார். அதற்குள் படிப்பு போயிருக்கும், நண்பர்களும்தான். சிகிச்சை தள்ளிப்போகப் போக மீட்சியும் கடினமாகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த ஒன்று.

இதற்குக் கெடு வைக்க முடியும். முதல்முறை சைக்கோசிஸ் என்று சந்தேகிக்கப்படுபவர்களில் பாதிப் பேருக்காவது, பரிந்துரை வந்த இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று இங்கிலாந்து 2016-இல் இலக்கு வைத்தது. பிறகு அதை 60 விழுக்காடாக உயர்த்தியது. பணக்கார நாடு என்பீர்கள். சரி, நம் ஊருக்கே வருவோம். டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் மனநல நிறுவனமும் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகமும் சென்னையிலும் மான்ட்ரியலிலும் ஒரே முறையில் இரண்டாண்டு சிகிச்சை தந்து ஒப்பிட்டன. ஒதுங்கிப்போதல், எதிலும் நாட்டமின்மை போன்ற அறிகுறிகளில் சென்னை நோயாளிகள் கூடுதலாகத் தேறினார்கள். இங்கே குடும்பங்கள் சிகிச்சையில் அதிகம் பங்கெடுத்ததும் பதிவாகியிருக்கிறது. வழி இந்த ஊரிலேயே இருக்கிறது; அரசு மருத்துவமனைகளுக்கு வர வேண்டியதுதான் பாக்கி.

1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் பணியைக் குறை சொல்லவில்லை. ஆனால் இருபது வயதுப் பையனை அங்கே கூட்டிப்போக எந்த அப்பாவுக்கும் கால் வராது. (அந்த ஊர்ப்பெயரை வைத்து நம் சினிமா அடித்த ஜோக்குகளுக்கு யார்மேல் வழக்குப் போடுவது?) ஒவ்வோர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், பொதுப் புறநோயாளிப் பிரிவுக்குள்ளேயே, இளைஞர்களுக்கு வாரம் இரண்டு மாலை ஒதுக்குங்கள். அதே மருத்துவர், அதே சமூகப் பணியாளர் இரண்டாண்டு தொடரட்டும். வருகிறவர்களிடம் வருமுன் கழிந்த வாரங்களைக் கேட்டு எழுதுங்கள். நான் கேட்கும் எண் அங்கேதான் கிடைக்கும்.

14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் நல்ல ஏற்பாடுதான். ஆனால் போனையே ஒட்டுக்கேட்கிறார்கள் என்று நம்புகிறவன் போன் செய்வானா? வீடு தேடிப் போகும் ஆட்கள் உங்களிடம் இருக்கிறார்கள். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் பிரஷரும் சுகரும் பார்க்க வாசலுக்கே வருகிறார்கள். "வீட்டில் யாராவது சமீபமாகத் தூங்காமல், வெளியே வராமல், தனியாகப் பேசிக்கொண்டு இருக்கிறார்களாம்மா?" என்று அவர்கள் சேர்த்துக் கேட்கப் பயிற்சி கொடுங்கள். அரசுச் சேவையில் மனநல சிகிச்சை பெறுவது 2017 மனநலச் சட்டப்படி உரிமை என்பது பெரும்பாலான வீடுகளுக்கு இன்னும் எட்டவில்லை. அதையும் அவர்களே சொல்லலாம்.

உயர்கல்வித் துறையிடமும் பேசுங்கள். சிகிச்சையில் இருந்த மாதங்களால் வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால், நோயின் பெயர் குறிப்பிடாத அரசு மருத்துவச் சான்றிதழே போதும், தேர்வெழுத விட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வரட்டும். அடுத்த செமஸ்டருக்குள் வந்தால் நல்லது.