பயிருக்குக் காப்புறுதி, பயணிக்கு?

மருதமுனையிலே பொழுது சாய்ந்தபின் கொழும்புக்குப் புறப்படும் பஸ் வண்டிகளைக் கண்டோர், அவற்றில் ஏறுவோர் யாவர் என்பதையும் கண்டிருப்பர். கைத்தறிச் சாரங்களைப் புறக்கோட்டைக்குக் கொண்டுசெல்லும் வியாபாரி, மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் மறுநாட் காலை இலக்கம் எடுக்கவேண்டிய மூதாட்டி, கந்தோர் அலுவலாகச் செல்லும் ஆசிரியர், வெள்ளாமைக் காசை மடியிற் கட்டிக்கொண்டு மகனுடன் போகும் விவசாயி ஆகியோர் அவருள் அடங்குவர். இரவு முழுவதும் நீளும் வழி அது. ஹபரணைக் காட்டிலே யானை குறுக்கிடும். சாரதிக்கோ கண் சொருகும். நடுவழியில் ஏதும் நேர்ந்தால் நம்மைத் தூக்கிச் செல்வார் யார், அச்செலவைக் கொடுப்பார் யார் என்று இவர்களுள் எவரேனும் புறப்படுமுன் எண்ணியதுண்டா? எண்ணியோர் மிகச் சிலரே என்று நாம் கருதுகின்றோம்.

வீண் அச்சம் விளைப்பது எம் நோக்கமன்று. 2025 மே 11-ந் திகதி, கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குச் சென்ற பஸ் வண்டி கொத்மலைப் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு நவம்பரில் ‘டித்வா’ புயல் பாதைகளைத் துண்டித்தபோது, காலா ஓயா வெள்ளத்திற் சிக்கிய பஸ் வண்டியின் பிரயாணிகளைக் கடற்படையினர் மீட்கவேண்டியதாயிற்று. அதற்கு ஓராண்டு முன்னர், 2024 நவம்பர் 26-ல், நம் காலடியிலுள்ள மாவடிப்பள்ளியிலே வெள்ளம் உழவு இயந்திரத்தைக் கவிழ்த்து மத்ரசா மாணவர் பலரைக் கொண்டுபோயிற்று. அப்பிள்ளைகள் சென்றது நெடும் பயணமுமன்று.

நாட்டில் உள்ளதை இல்லையென்று கூறுதல் அறமன்று. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் காசின்றி வருகின்றது. 2016-ல் இந்திய நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பமான அச்சேவை பின்னர் நாடெங்கும் பரந்தது. அரசினர் வைத்தியசாலையிற் சிகிச்சையும் இலவசமே. ஆயின் அவ்வண்டி நோயாளியை அண்மையிலுள்ள வைத்தியசாலையிற் சேர்க்கும், ஊருக்குக் கொண்டுவராது. இடுப்பெலும்பு முறிந்தவரைக் குருநாகலில் ‘வீட்டுக்குச் செல்லலாம்’ என்று விடுவித்தால், 250 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழியைப் படுத்தவாறே கடக்க வண்டி பிடிப்பது குடும்பத்தின் பாடு. பஸ் வண்டிக்குச் சட்டம் கட்டாயமாக்கியுள்ள மூன்றாந் தரப்புக் காப்புறுதியோ, பிழை யாருடையது என்று தீர்ந்தபின் நட்டஈடு பெறும் வழி. விபத்து நிகழ்ந்த இரவில் அதனால் ஒரு வாடகை வண்டிக்கும் காசு கிடையாது.

இந்நாட்டிலே நெற்பயிர்க் காப்புறுதி 1958-ஆம் ஆண்டிற் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. வெள்ளமோ வறட்சியோ பயிரை அழித்தால் விவசாயி கேட்டுப் பெற ஓரிடமேனும் உண்டு. அவனது உழவு இயந்திரத்திற்கும் காப்புறுதி உண்டு. அரசாங்க உத்தியோகத்தருக்கு ‘அக்ரஹார’ உண்டு. வயலுக்குரியவன் மட்டும் வெறுங்கையுடன் பஸ் ஏறுகின்றான்! ஊர்தோறும் மரணாதார சங்கங்கள் இயங்குகின்றன. மாதச் சந்தாவை ஏழையும் தவறாது கட்டுகின்றான். இறந்தபின் உதவ இத்துணை ஒழுங்காகக் கூடிய நாம், உயிரோடு வீடு கொண்டுவருவதற்கு ஏன் கூடவில்லை?

கடல் தாண்டிய பயணத்தில் இக்குறை பன்மடங்காகும். காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டிற் புத்துயிர் பெற்ற கப்பற் சேவையால் நாகூர் நமக்கு அண்மையாயிற்று. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிலே நாகூர் ஆண்டகை பேரிற் கொடியேற்றும் மக்களுக்கு அங்கு செல்லும் ஆசை இயல்பே. நாகூரோடு நில்லாது அஜ்மீர்வரை தரைவழியே செல்வாரும் உளர். தமிழ்நாட்டில் 108 அம்புலன்ஸ் வரும். ஆயின் தனியார் வைத்தியசாலைக் கட்டணத்தையும், வைத்தியத் துணையுடன் நாடு திரும்பும் செலவையும் யார் கொடுப்பர்? உம்றா விசாவுடன் காப்புறுதியும் சேர்ந்து வருவது மெய்யே. எனினும் அதன் எல்லை சவூதி மண்ணே. மக்காவிலிருந்து மதீனா செல்லும் நெடுஞ்சாலையில் 2025 நவம்பர் 17-ல் டீசல் தாங்கியுடன் மோதி எரிந்த பஸ்ஸில் ஐதராபாத் யாத்திரிகர் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறந்திலோம்.

காப்புறுதி வாங்குவோர் நன்கு கவனிக்கவேண்டியவை சில உள. ‘விபத்துக் காப்புறுதி’ என்பது மாரடைப்புக்கு உதவாது. திடீர் நோய்க்கும் சேர்த்து எடுத்தல் வேண்டும். சிகிச்சைச் செலவு வேறு, நோயாளியை இடம்மாற்றும் செலவு வேறு; பின்னையதற்கு எவ்வளவு தொகை என்று தனியே கேட்கவேண்டும். இடம்மாற்றல் என்று எழுதியிருப்பினும், பெரும்பாலும் அது தகுந்த வைத்தியசாலை வரைக்குமே. வீடு வரைக்குமா என்பதைக் கேட்டறிதல் நன்று. கம்பெனியின் அவசர இலக்கத்தை அழைத்து அனுமதி பெறாது நோயாளியை மாற்றிவிட்டு, பின் பற்றுச்சீட்டுகளை நீட்டினால் அவை தள்ளப்படலாம். செல்லும் நாடுகள் அனைத்தும் பத்திரத்தில் எழுதப்பட்டிருத்தல் அவசியம். யாவற்றினும் பெரிய கண்ணி, முன்பே உள்ள நோய். சலரோகத்தையும் இரத்த அழுத்தத்தையும் மறைத்தெழுதினால் பணம் கட்டியும் பயனில்லை. மகரகமவுக்குச் செல்லும் அம்மூதாட்டியின் நிலை இங்குதான் பரிதாபமானது: நோயின் பொருட்டே பயணம் செய்பவரை அந்நோயின் பொருட்டே காப்புறுதி விலக்குகின்றது. அவர் போன்றோருக்குக் கம்பெனியை நம்பிப் பயனில்லை; ஊர்ச் சங்கமொன்றே கைகொடுக்கக் கூடும்.

காப்புறுதி மார்க்கத்துக்கு ஒவ்வாது என்று தயங்கும் முஸ்லிம் அன்பர்கள் உளர். அவர்தம் ஐயத்தை நாம் எள்ளுவோமல்லோம். ஜித்தாவின் சர்வதேச பிக்ஹு மன்றம் 1985-ல் வியாபாரக் காப்புறுதியை மறுத்தபோதே, கூட்டுறவு முறையிலான காப்புறுதியை ஏற்றது. ‘தகாபுல்’ என வழங்கும் அம்முறை இந்நாட்டிலும் நடைபெறுகின்றது. மரணாதார சங்கத்தின் தத்துவமும் ஏறத்தாழ இதுவேயன்றோ?

ஆகவே பள்ளிவாசல் பரிபாலன சபையினரும், கமக்காரர் அமைப்புகளும், நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் தத்தம் அங்கத்தவரின் பெயர்ப் பட்டியலுடன் கூட்டாகக் காப்புறுதி எடுக்க முன்வரல் வேண்டும். தனியொருவர் கேட்கும்போது கிடையாத சலுகை நூறு பேர் கேட்கையிற் கிடைக்கும். மாகாணங்களுக்கிடையிலான பஸ் சேவைக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, இரவு நெடும் பயண வண்டிகளிற் பயணிக் காப்புறுதியை அனுமதியின் நிபந்தனையாக்கி, அதன் விபரத்தைப் பயணச்சீட்டில் மூன்று மொழிகளிலும் அச்சிடச் செய்யவேண்டும் எனக் கோருகின்றோம்.

இன்னொன்றும் கேட்கின்றோம். தமிழும் அரசகரும மொழி என்று 1987-ன் பதின்மூன்றாந் திருத்தம் கூறுகின்றது. முகவர் தமிழிற் பேசிப் பணம் பெறுகின்றார். விலக்குகள் நிறைந்த பத்திரத்தையோ ஆங்கிலத்தில் நீட்டுகின்றார். கையொப்பமிடும் விவசாயி எதற்கு உடன்பட்டான் என்பதை நோய்ப்படுக்கையில் அறிகின்றான். இலங்கைக் காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழு, தமிழ்ப் பத்திரம் கேட்போருக்கு அதனைக் கொடுத்தே ஆகவேண்டும் எனக் கம்பெனிகளைப் பணித்தல் வேண்டும். அதுவரை, கையொப்பமிடுமுன் தமிழிற் கேளுங்கள். தர மறுப்பின், மறுத்த விபரத்தையும் பத்திரத்தின் பிரதியொன்றையும் எமக்கு அனுப்பிவையுங்கள்.