பிசி அடிக்கடி ஆஃப் ஆகுதா? பர்ஸை எடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

சம்பளம் வந்து நாலு நாள்தான் ஆகியிருக்கும். நீங்களே ஒவ்வொரு பார்ட்டா தேடி வாங்கி, வீட்டில் உட்கார்ந்து அசெம்பிள் பண்ண பிசி. வேலைக்கு நடுவில் பட்டுன்னு ஆஃப் ஆகுது. திரும்ப ஆன் பண்றீங்க. ஒரு மணி நேரம் ஓடுது. மறுபடியும் ஆஃப். அடுத்து என்ன செய்வீங்க?

நம்மில் பலர் செய்றது இதுதான். ஃபோனில் நாலு வீடியோ பார்ப்போம், "எஸ்எம்பிஎஸ் போயிருக்கும்"னு முடிவு பண்ணுவோம், ராத்திரியே ஆர்டர் போட்டுடுவோம். நானும் அதைத்தான் செஞ்சேன். அந்த அவசரத்துக்கு நான் கொடுத்தது 11,350 ரூபாய். உண்மையான கோளாறைச் சரி பண்ண ஆன செலவு 1,100 ரூபாய்.

பிசியில் பெரிய செலவு வைக்கிறது கெட்டுப்போன பார்ட் இல்லைங்க, நம்ம யூகம்தான். கோளாறு எங்கேன்னு தெரியிற வரைக்கும் பர்ஸைத் திறக்கக் கூடாது. இதுதான் என் கட்சி. ஏன்னு சொல்றேன்.

என் கதை

2021ல 72,000 ரூபாய் செலவு பண்ணி ஒரு பிசி அசெம்பிள் பண்ணேன். பகலில் ஆபீஸ் வேலை, ராத்திரி நம்ம சேனலுக்கு எடிட்டிங். மூணு வருஷம் பிரச்சினையே இல்லை. அப்புறம் ஒரு நாள் வீடியோ ரெண்டர் ஆகிட்டு இருக்கும்போது ஆஃப் ஆச்சு. ப்ளூ ஸ்க்ரீன் இல்லை, எச்சரிக்கை இல்லை. கரண்ட் போன மாதிரி மொத்தமா இருட்டு.

தினமும் ஒரு தடவையாவது இப்படி ஆக ஆரம்பிச்சுது. சும்மா பிரவுஸ் பண்ணும்போது ஆகலை. ரெண்டர் போட்டா மட்டும்தான். "லோடு ஏறினா ஆஃப் ஆகுது, அப்போ எஸ்எம்பிஎஸ்தான்"னு நினைச்சேன். கேட்க நியாயமாத்தான் இருந்துச்சு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் விசாரிச்சேன். பிசியைப் பார்க்காமலே "மாத்திடுங்க சார்"னு சொன்னாங்க. 6,800 ரூபாய். சரியாகலை.

அடுத்து தெர்மல் பேஸ்ட், 450. சரியாகலை. ரேம், 3,600. சரியாகலை. வீட்டுக்கு வந்து பார்த்த டெக்னீஷியனுக்கு 500. அவர் இருந்த ஒரு மணி நேரமும் பிசி ஜம்முன்னு ஓடுச்சு. "மதர்போர்டா இருக்கலாம்"னு சொல்லிட்டுப் போயிட்டார்.

அன்னிக்கு ராத்திரி 85,000 ரூபாய் லேப்டாப் ஒண்ணை நோ காஸ்ட் இஎம்ஐயில் கார்ட்டில் போட்டுட்டேன். மாசம் 7,083 ரூபாய், 12 மாசம். 'பை' பட்டனை அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

மறுநாள் காலையில் அம்மா காபி கொடுத்துட்டே சொன்னாங்க: "ஏன்டா, நான் மோட்டார் போடும்போதுதானே உன் கம்ப்யூட்டர் ஆஃப் ஆகுது? நீ அதைக் கவனிக்கவே இல்லையா?"

கவனிக்கவே இல்லை.

கோளாறு எங்கே இருந்துச்சு?

விண்டோஸில் ஈவன்ட் வியூவர்னு ஒண்ணு இருக்கு. பிசி முறையா ஷட் டவுன் ஆகாம நின்னா, அடுத்த தடவை ஆன் ஆகும்போது அதில் பதிவாகும். கெர்னல் பவர் 41னு ஒரு பதிவு வரும். அது "முறையா ஆஃப் ஆகலை"ன்னு மட்டும்தான் சொல்லும், காரணம் சொல்லாது. அதைப் பார்த்துட்டுத்தான் பலர் எஸ்எம்பிஎஸ் வாங்க ஓடுறாங்க. பக்கத்திலேயே 6008ன்னு இன்னொரு பதிவு இருக்கும். எத்தனை மணிக்கு ஆஃப் ஆச்சுன்னு அது சொல்லும். நான் அந்த நேரங்களை ஒரு பேப்பரில் எழுதினேன். எல்லாமே காலை ஏழு மணியை ஒட்டி, இல்லைன்னா சாயங்காலம் ஆறரையை ஒட்டி. சம்ப்பில் இருந்து மேல் டேங்க்குக்கு அம்மா தண்ணி ஏத்துற நேரம்.

மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது நிறைய கரண்ட் இழுக்கும். வீட்டில் வோல்டேஜ் ஒரு நொடி இறங்கும். உடனே யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும். என் யுபிஎஸ் 600 விஏ. ஆனா அது தாங்குறது 360 வாட்ஸ்தான். ரெண்டர் ஓடும்போது பிசியும் மானிட்டரும் சேர்ந்து 300 வாட்ஸுக்குப் பக்கத்தில் இழுக்கும். மூணு வருஷம் ஆன பேட்டரியால் அந்த லோடைத் தூக்க முடியலை, அதனால் யுபிஎஸ் கையை விரிச்சிடுச்சு. சும்மா பிரவுஸ் பண்ணும்போது லோடு கம்மி, அதனால் தப்பிச்சுது. நான் "லோடு ஏறினா எஸ்எம்பிஎஸ்"னு நினைச்சது பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் என் காசைத் தின்னுச்சு.

உறுதிப்படுத்த ரெண்டே சோதனை பண்ணேன். யுபிஎஸ்ஸை விட்டுட்டு பிசியை நேரா சுவர் சாக்கெட்டில் போட்டு ரெண்டர் ஓட்டினேன். "அம்மா, மோட்டார் போடுங்க"ன்னேன். ஆஃப் ஆகலை. திரும்ப யுபிஎஸ்ஸில் போட்டேன், மோட்டார் போட்டாங்க, டிக்குன்னு ஒரு சத்தம், ஆஃப். செலவு பூஜ்யம். பழைய பேட்டரியைக் கடையில் கொடுத்துட்டு 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி ஒண்ணு வாங்கினேன், 1,100 ரூபாய். அதுக்கப்புறம் அந்தப் பிரச்சினை வரலை.

இதில் இன்னொரு க்ளூவையும் தவற விட்டிருந்தேன். பிசி ஆஃப் ஆகும்போதெல்லாம் மானிட்டரின் சின்ன லைட்டும் சேர்ந்தே அணைஞ்சிருக்கு. கேபினெட்டுக்குள்ளே கோளாறுன்னா மானிட்டர் "சிக்னல் இல்லை"ன்னு காட்டும், லைட் எரியும். ரெண்டும் ஒண்ணா அணைஞ்சா, வெளியேதான் தேடணும்.

பைசா செலவில்லாத சோதனைகள் முதலில்

உங்க பிசிக்கு யுபிஎஸ்தான் காரணம்னு நான் சொல்லலை. உங்க கேஸ் வேற மாதிரி இருக்கலாம். அதனால்தான் இந்த வரிசை. செலவில்லாததில் இருந்து ஆரம்பிங்க, ஒரு நேரத்தில் ஒண்ணை மட்டும் மாத்துங்க. ரெண்டை ஒண்ணா மாத்தினா எது சரி பண்ணுச்சுன்னு தெரியவே தெரியாது.

1. எப்போ ஆஃப் ஆகுதுன்னு எழுதுங்க. நேரம், அப்போ ஓடின வேலை, வீட்டில் மோட்டார், ஏசி, ஃபிரிட்ஜ் எது ஆன் ஆச்சு. மூணு நாள் எழுதினாலே ஒரு பேட்டர்ன் தெரிய ஆரம்பிக்கும்.

2. யுபிஎஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் இல்லாம, வேற சாக்கெட்டில் போட்டுப் பாருங்க. பவர் கேபிள் ரெண்டு பக்கமும் இறுக்கமா இருக்கான்னு பாருங்க.

3. சூட்டைப் பாருங்க. ஹெச்டபிள்யூ இன்ஃபோ மாதிரி இலவச சாஃப்ட்வேர் போதும். லோடில் ப்ராசஸர் 95, 100 டிகிரியைத் தொட்டுட்டு ஆஃப் ஆச்சுன்னா கூலர் சரியா உட்காரலை, இல்லைன்னா தூசி. பெயின்ட் பிரஷ் எடுத்துத் தட்டி விடுங்க.

4. லோடே இல்லாம, கன்னாபின்னான்னு ஆஃப் ஆகுதா? கேபினெட்டின் பவர் பட்டன் சிக்கியிருக்கலாம். பட்டனில் இருந்து மதர்போர்டுக்குப் போற ஒயரை, பிசி ஆன் ஆனதும் கழட்டிட்டு ஓட விட்டுப் பாருங்க.

5. ப்ளூ ஸ்க்ரீன் வந்து ரீஸ்டார்ட் ஆகுதுன்னா ரேமைச் சந்தேகப்படலாம். மெம்டெஸ்ட் 86 இலவசம். ராத்திரி ஓட விட்டுட்டுத் தூங்குங்க.

6. கேம் போட்டதும் ஆஃப் ஆகுது, பின்னாடி இருக்கிற ஸ்விட்சை அணைச்சுப் போட்டாதான் திரும்ப ஆன் ஆகுதுன்னா, இப்போ எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்படுங்க. அப்பவும் உடனே வாங்காதீங்க. நண்பர் கிட்ட ஒண்ணு இரவல் வாங்கி, அதோட சொந்த கேபிள்களையே போட்டுப் பாருங்க. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் எந்தக் காரணத்துக்கும் பிரிக்காதீங்க. ஒயரைப் பிடுங்கின பிறகும் உள்ளே இருக்கிற கெபாசிட்டரில் சார்ஜ் இருக்கும்.

"என் நேரத்துக்கு மதிப்பு இல்லையா ப்ரோ?"

இதை எழுதும்போதே இந்தக் கேள்வி வரும்னு தெரியும். நியாயமான கேள்விதான். சனிக்கிழமை முழுக்க ஸ்க்ரூ டிரைவரோட உட்கார எல்லாராலும் முடியாது. அப்படின்னா டெக்னீஷியனுக்குக் காசு கொடுங்க, தப்பே இல்லை. ஆனா "மாத்தினா சரியாகலாம்"னு சொல்றவருக்குக் கொடுக்காதீங்க. வேற பார்ட் போட்டு ஓட்டிக் காட்டி, "இதுதான் கோளாறு"ன்னு நிரூபிக்கிறவருக்குக் கொடுங்க.

அதோட ஒரு கணக்கு. மேலே சொன்ன முதல் ரெண்டு சோதனைக்கு எனக்கு ஆன நேரம் அரை மணி. அந்த அரை மணியை மிச்சம் பிடிக்கத்தான் 11,350 ரூபாயும் மூணு வாரமும் செலவு பண்ணேன். இதில் எங்கே நேரம் மிச்சமாச்சு?

"எப்படியும் நல்ல எஸ்எம்பிஎஸ் தேவைதானே, வீண் இல்லை"ன்னு நானும் மனசைத் தேத்திக்கிட்டேன். கேபினெட்டோட வந்த மலிவு எஸ்எம்பிஎஸ் நல்லதில்லைங்கிறது உண்மை. ஆனா அது நான் திட்டம் போட்டு வாங்கினது இல்லை, பயத்தில் வாங்கினது. வாங்கினதுக்கு அப்புறம் காரணம் கண்டுபிடிக்கிறதுக்குப் பேர் பட்ஜெட் இல்லை. ரேமும் சும்மா கிடக்க வேண்டாமேன்னு பிசியிலேயே மாட்டிட்டேன். 32 ஜிபி. பெருமைக்கு ஆச்சு.

பிசிக்கும் ஒரு பண ஏற்பாடு

மூணு விஷயம் இன்னிக்கே செய்யலாம்.

முதலில் பில். அசெம்பிள் பண்ண பிசியில் ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனி வாரண்டி. பாக்ஸில் வர்ற ப்ராசஸருக்குப் பொதுவா மூணு வருஷம், ரேமுக்கும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் அதைவிட அதிகமாகவே கிடைக்கும். பில் இல்லைன்னா அது இருந்தும் இல்லாத மாதிரிதான். எல்லா பில்லையும், சீரியல் நம்பர் தெரியிற மாதிரி ஃபோட்டோவும் எடுத்து ஒரே ஃபோல்டரில் போடுங்க. பில் தர்றதில்லைன்னு சொல்லி 300 ரூபாய் குறைக்கிற கடையில் வாங்காதீங்க.

ரெண்டாவது, மாசாமாசம் ஒரு தொகை. 70,000 ரூபாய் பிசி அஞ்சு வருஷம் வரும்னு வச்சுக்கிட்டா, மாசத்துக்குச் சுமார் 1,170 ரூபாய். அதை ஒரு ஆர்டியில் போடுங்க. எமர்ஜென்சி ஃபண்ட் வேற, இது வேற. பிசி ஒரு நாள் போகும்னு நமக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்ச செலவுக்கு எமர்ஜென்சின்னு பேர் வைக்கக் கூடாது.

மூணாவது, கோபத்தில் இருக்கும்போது இஎம்ஐ போடாதீங்க. நோ காஸ்ட்னு பேர் இருந்தாலும் பேங்க் வட்டி போடும். அந்த வட்டி அளவுக்கு விலையில் தள்ளுபடி தருவாங்க, அவ்வளவுதான். வட்டி மேல 18% ஜிஎஸ்டியும் ப்ராசஸிங் ஃபீஸும் நம்ம தலையில்தான் விழும். கார்ட்டில் போட்டதை 48 மணி நேரம் அப்படியே விட்டு வைங்க. என் லேப்டாப் இன்னும் அந்தக் கார்ட்டில்தான் இருக்கு.

யோசிச்சுப் பார்த்தா, ஃபண்ட் கீழே போனதும் ஏன்னு பார்க்காம வேற ஃபண்டுக்குத் தாவுறோமே, அதுவும் இதே பழக்கம்தான். வலி எங்கேன்னு பார்க்கிறதுக்கு முன்னாடியே மருந்து வாங்கிடுறோம்.

அதனால் இன்னிக்கு ராத்திரி உங்க பிசி ஆஃப் ஆச்சுன்னா, ஷாப்பிங் ஆப்பைத் திறக்காதீங்க. மானிட்டர் லைட் எரியுதான்னு பாருங்க. மணி என்னன்னு எழுதுங்க. வீட்டில் இருக்கிறவங்க கிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க. நான் மூணு வாரமா ஸ்க்ரீனையே பார்த்துட்டு இருந்தேன். அம்மா சமையலறையில் இருந்தே கண்டுபிடிச்சுட்டாங்க.