காய்ச்சல் விட்ட நாளின் ரத்தம்

போடிநாயக்கனூரில் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் நிறைந்துவிடும். தூக்குவாளியோடு பெண்கள் ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறார்கள். காயெடுப்பு மும்முரமாக நடக்கும் ஐப்பசி, கார்த்திகைதான் அடிவாரத்தில் மழைக்காலம். டெங்குவுக்கும் அதுவே காலம். காய்ச்சலில் படுத்தால் கூலி போச்சு. உடம்புச் சூடு தணிந்ததும் ஜீப் ஏறத்தான் யாருக்கும் தோன்றும்.

டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் தொடங்குகிறது. 3 முதல் 7ஆம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போது சிலருக்கு நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிகின்றன. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வெளியேறி வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் தேங்குகிறது. குழாய்க்குள் எஞ்சும் ரத்தம் கெட்டிப்படுகிறது. 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும் இந்தக் கசிவின்போது அளவறிந்து திரவம் கொடுக்காவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

கெட்டிப்படுவதைக் காட்டும் எண், ரத்தப் பரிசோதனைச் சீட்டிலேயே பி.சி.வி. என்ற பெயரில் இருக்கிறது. ஹீமட்டோகிரிட் என்பதும் இதுதான்: ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் இடம் பிடித்திருக்கின்றன என்ற கணக்கு.

ஆனால் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் கேட்பதெல்லாம் “கவுண்ட் எவ்வளவு?” என்பதுதான். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் எண்ணிக்கையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தட்டணு குறைவது எச்சரிக்கைதான், மறுக்க முடியாது. ஆனால் தட்டணு ஏற்றினால் பிழைத்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தட்டணு 20,000க்குக் கீழே இறங்கிய 372 பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் லான்செட் இதழில் வந்தது. முன்கூட்டியே தட்டணு ஏற்றியும் ரத்தக்கசிவு குறையவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின.

பி.சி.வி.யையும் ஒரே ஒரு முறை பார்த்தால் ஏமாந்துபோவோம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வழக்கமாக பி.சி.வி. 30 இருக்கும் ஒரு தோட்டத் தொழிலாளிக்கு அது 37 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சீட்டில் அது ‘இயல்பு’ என்றே அச்சாகும். உண்மையில் அது 23 சதவீத உயர்வு. 20 சதவீதம் உயர்ந்தாலே பிளாஸ்மா கசிவின் அடையாளமாகக் கொள்ளவேண்டும் என்பது மருத்துவ நெறி. அவருடைய பழைய எண் கையில் இல்லாத மருத்துவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்?

கசிவை முன்கூட்டியே காட்டுமா என்று, மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்கள் சுரக்கும் கைமேஸ் போன்ற புதிய குறியீடுகளை ஆய்வாளர்கள் சோதித்து வருகிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் கையில் இருக்கும் மலிவான எண்ணை ஒழுங்காகப் பார்த்தே எவ்வளவு சாதிக்கலாம் என்பதற்கு இலங்கை சாட்சி. 2009இல் அங்கே சுமார் 35,000 பேருக்கு டெங்கு வந்து 346 பேர் இறந்தார்கள். 2017இல் 1,86,000 பேருக்கு மேல் பாதிப்பு; இறந்தவர்கள் 440 பேர். நூற்றுக்கு ஒன்றாக இருந்த மரணம் நானூற்றுக்கு ஒன்றானது. தனிக் கண்காணிப்புப் பிரிவுகள், பயிற்சி பெற்ற மருத்துவர்கள், சில மணி நேரத்துக்கு ஒருமுறை பி.சி.வி. என்ற ஒழுங்குக்கு இதில் பெரும் பங்குண்டு. அதே 2017இல் தமிழகத்தில் 23,294 பேர் பாதிக்கப்பட்டு 65 பேர் இறந்தனர்.

அந்த ஒழுங்கு இங்கும் வேண்டும். போடி, தேவாரம், கம்பம் பகுதிகளில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையாவது, ஜீப்புகள் திரும்பும் மாலை நேரத்தில் அரசு மருத்துவமனைகளில் இலவச ரத்தப் பரிசோதனை நடக்கவேண்டும். காய்ச்சலின் முதல் நாள் பி.சி.வி.யை ஒரு அட்டையில் எழுதி நோயாளி கையில் கொடுக்கவேண்டும். காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் அந்த அட்டையோடு வரச்சொல்லவேண்டும். அந்த இரண்டு நாள் கூலிக்கும் தொழிலாளர் நலவாரியம் வழி செய்யவேண்டும். கூலி இல்லையென்றால் அந்த அட்டை தூக்குவாளியோடு மலையேறிவிடும்.