போர்டிகோவில் ஒரு மெக்கானிக்கல் லேப்

போன வாரம் அரியர் பற்றி எழுதியதற்கு விழுந்த திட்டில் பாதி எங்க டிபார்ட்மென்ட்டிலிருந்தே வந்தது. அதனால் இந்த வாரம் காலேஜ் கேட்டுக்குள் காலே வைக்கப் போவதில்லை. எங்க தெருவோடு நிறுத்திக்கிறேன் பாஸ்!

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் ரோட்டைப் பிடித்தால் கலெக்டர் ஆபீஸ் வரும். அந்த ஏரியாதான் வேங்கிக்கால். அங்கே எங்க தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி ஆனால் போதும், அலாரத்துக்கே அசையாத பசங்க எல்லாம் துள்ளி எழுந்து உட்காருவார்கள். எதிர்வீட்டு போர்டிகோவிலிருந்து 'டுப்... டுப்... டுப்' என்று கிளம்பும் சத்தம் அப்படி. 1989 மாடல் புல்லட். ஓனர், அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். "எழுதிக்கோ தம்பி, பேரு கீரு மட்டும் போட்டுடாத. பையன் படிச்சா அவ்ளோதான்" என்று கண்டிஷன். ஆகவே கடைசி வரைக்கும் அவர் வெறும் 'சார்'.

சாருக்கு வயது 63. அவர் ரிட்டயர்மென்ட் கதையே தனி காமெடி. 2020-ல் 58 முடிகிறது, மாலையை வாங்கிக்கொண்டு மறுநாளே புல்லட்டில் தனுஷ்கோடி கிளம்புவது என்று பிளான் போட்டிருந்தார். அந்த வருஷம் மே மாதம் தமிழக அரசு ஓய்வு வயதை 59 ஆக்கியது. சரி, ஒரு வருஷம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால், 2021 பிப்ரவரியில் அது 60 ஆனது! "ஆபீஸே ஸ்வீட் சாப்பிட்டுச்சு. நான் மட்டும் மூஞ்சியத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன்" என்பார். ஒருவழியாக 2022-ல் வெளியே வந்தார்.

வந்தவர் உடனே கிளம்பினாரா? அதுதான் இல்லை. வண்டியைப் பிரித்தார்.

நம்ம ஊரில் டூர் என்றால் டேங்க் ஃபுல், பேக் பேக், ஒரு செல்ஃபி. சாருக்கு மூணு வருஷம் ஆனது. போர்டிகோவில் பழைய பாயை விரித்து, அதன்மேல் நியூஸ் பேப்பர் போட்டு, கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மேலே சீட்டு ஒட்டி வைத்தார். 'கிளட்ச் கவர்', 'டைமிங் கவர்', 'தெரியல' என்று மூணு வகை. அந்த 'தெரியல' பாட்டில் இப்போது காலி. அவர் வீட்டம்மா அந்த இடத்துக்கு வைத்திருக்கும் பேர் "அவரு ஆபீஸ்". மதியம் சாப்பாட்டுக்கு, "ஆபீஸ் முடிஞ்சுதா?" என்றுதான் கூப்பிடுவார்.

இந்த வண்டிக்கு ஒரு வம்சாவளி உண்டு. புல்லட் பிறந்தது இங்கிலாந்தில். 1950-களின் தொடக்கத்தில் நம்ம ராணுவம் எல்லையில் ஓட்ட 350 சி.சி. புல்லட் கேட்டது. ஆர்டரை எடுத்தது மெட்ராஸ் மோட்டார்ஸ். 1955-ல் என்ஃபீல்ட் இந்தியா கம்பெனி உருவாகி, சென்னை திருவொற்றியூரில் ஃபேக்டரி எழுந்தது. முதலில் பார்ட்ஸ் எல்லாம் கப்பலில் வந்து இறங்கும், இங்கே பூட்டுவார்கள். பிறகு எல்லாமே இங்கேயே. கதையின் ட்விஸ்ட் என்னவென்றால், 1970-ல் இங்கிலாந்துக் கம்பெனி மூடிவிட்டது. தாய்வீடு போன பிறகும் திருவொற்றியூர் புல்லட் நிற்கவில்லை. 1977-ல் அந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆனது!

சாரின் வண்டி அந்தக் காலத்து வார்ப்பிரும்பு என்ஜின். போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90. பை, டி ஸ்கொயர், பை ஃபோர் போட்டுப் பாருங்கள், 346 சி.சி. வரும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் தடவை ஓட்டக் கொடுத்தபோது பிரேக் என்று நினைத்து நான் கியரை மிதித்த மிதியில், பால்கார அண்ணன் ஜஸ்ட் மிஸ்.

ஸ்டார்ட் பண்ணுவது ஒரு பூஜை. ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்தபடியே கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். முள் நடுவுக்கு வரும்போது டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து இம்மியளவு தள்ளிவிட்டு, கிக்கரை மேலே விட்டு, ஒரே உதை. பிஸ்டன் மேல்முட்டைத் தாண்டியிருக்கும், வண்டி கிளம்பும். தப்பாக உதைத்தால் கிக்கர் திருப்பி உதைக்கும். அது வாத்தியார் அடியைவிட மோசம்.

ஒருநாள் சார் கேட்டார், "தம்பி, ஃபீலர் கேஜ்னா என்ன?"

நான் மெட்ராலஜி லேபில் ரெக்கார்டு நோட்டுக்கு ஒன்பது மார்க் வாங்கினவன். டெஃபனிஷன், டயக்ராம், அப்ளிகேஷன் என மூச்சு விடாமல் ஒப்பித்தேன். முழுசாகக் கேட்டுவிட்டு ஒரு கேஜை என் கையில் கொடுத்தார். "பாயிண்ட்ஸ் கேப் பதினஞ்சு தவ் இருக்கணும். வெய்யி பாப்போம்."

பதினஞ்சு தவ் என்றால் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, கிட்டத்தட்ட 0.38 மில்லிமீட்டர். அரை மணி நேரம் ஆனது எனக்கு. பிளேடு தொளதொளவென்று ஆடவும் கூடாது, இறுகிப் பிடிக்கவும் கூடாது, லேசாக உரச வேண்டும். அந்த 'லேசாக' எவ்வளவு என்று எந்த புக்கிலும் போடவில்லை மக்களே! டாப்பெட் அட்ஜஸ்ட்மென்ட் அதைவிட அநியாயம். இந்த என்ஜினுக்கு கேஜே கிடையாது. என்ஜின் ஆறியிருக்கும்போது புஷ் ராடை இரண்டு விரலால் உருட்டினால் சுற்ற வேண்டும், மேலே கீழே ஆட்டினால் ஆடக் கூடாது. விரல்தான் இன்ஸ்ட்ரூமென்ட்.

ரிட்டயர் ஆகிற வயசில் ஒரு மனுஷன் ஏன் இப்படி கிரீஸில் புரளணும் என்று கேட்கிறவர்களுக்கு சார் ஒரு படத்தைக் கைகாட்டுவார். 2005-ல் வந்த 'தி வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் இந்தியன்'. பேரைப் பார்த்து ஏமாறாதீர்கள், 'இந்தியன்' என்பது அமெரிக்க பைக் கம்பெனி. ஹீரோ நியூசிலாந்துக்காரர், பர்ட் மன்ரோ என்ற நிஜ மனிதர். 1920-ல் வாங்கிய பைக்கை வாழ்நாள் முழுக்க ஒரு ஷெட்டில் வைத்து நோண்டிக்கொண்டே இருந்தார். பிஸ்டனைப் பழைய டப்பாவில் வார்த்து, கனெக்டிங் ராடைக் கையால் அராவி... கடைசியில் 1967-ல், 68 வயதில், அமெரிக்காவின் பொன்னவில் உப்புப் பாலைவனத்தில் மணிக்கு சுமார் 296 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி ரெக்கார்டு போட்டார். உடைந்த பாகங்களை எல்லாம் ஒரு அலமாரியில் அடுக்கி, வேகக் கடவுளுக்குக் காணிக்கை என்று எழுதி வைத்திருந்தாராம். கோயில் ஊர்க்காரங்க நமக்கு இது புரியாதா என்ன?

சாருக்கு வேகம் பிடிக்காது. அவர் ஆள் டெட் சைமன். இந்த இங்கிலாந்துக்காரர் 1973-ல் 500 சி.சி. டிரையம்ஃப் பைக்கில் கிளம்பி, நாலு வருஷம் உலகத்தைச் சுற்றினார். இந்தியாவும் அதில் உண்டு. சுமார் ஒரு லட்சம் கிலோமீட்டர். அதெல்லாம் நாற்பதுகளில். 2001-ல், 69 வயதில், அதே பாதையில் மறுபடி கிளம்பினார் பாருங்கள், அங்கேதான் சார் விழுந்துவிட்டார். "முதல் தடவை போனது பெரிசில்ல தம்பி. ரெண்டாவது தடவை கிளம்பினான் பாரு..."

சரி, நம்ம டூர் என்ன ஆச்சு? போன மாதம் ட்ரையல் ரன். போளூர் போய், அங்கிருந்து ஜவ்வாது மலையேறி ஜமுனாமரத்தூர். பின் சீட்டில் அடியேன். சமவெளியில் சும்மா அம்சமாக ஓடிய வண்டி, மலை ஏற்றத்தில் 'டப்டப்' என்று இருமி, திணறி, நின்றுவிட்டது. சுற்றிலும் காடு. செல்போனில் டவர் இல்லை. நான் உடனே பிளக், பெட்ரோல், கார்ப்பரேட்டர் என்று வரிசையாகச் சந்தேகங்களைச் சொன்னேன். சார் பதில் பேசவில்லை. சிலிண்டருக்குப் பின்னால், வலது பக்கம் இருக்கும் வட்ட மூடியைத் திறந்தார். பாயிண்ட்ஸ் கேப் கிட்டத்தட்ட மூடியிருந்தது. பிளேட்டைப் பிடிக்கும் ஸ்க்ரூ லூஸ்.

ஃபீலர் கேஜ் வீட்டில். பர்ஸைத் திறந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து நடுவில் செருகினார். அதன் கனம் ஏறக்குறைய அந்த அளவுதான் வரும். ஸ்க்ரூவை இறுக்கி, கார்டை உருவி, ஆம்பியர் முள்ளைப் பார்த்து, ஒரே உதை. டுப்... டுப்... டுப்! மொத்தம் பத்து நிமிஷம். நான் கை தட்டினேன். சார் சிரிக்கவில்லை.

மேலே போய் டீ குடிக்கும்போதுதான் வாயைத் திறந்தார். "முந்தா நாள் நான்தான் தம்பி அத செட் பண்ணேன். ஸ்க்ரூவ டைட் பண்ணாம மூடியிருக்கேன். முப்பது வருஷத்துல இப்படி மறந்ததில்ல."

அதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. டீயில் சர்க்கரை கம்மி என்றேன்.

பையன் பெங்களூரில் ஐ.டி. வேலை. வீடியோ காலில் தினமும் இதே பஞ்சாயத்து. "செல்ஃப் ஸ்டார்ட், ஏ.பி.எஸ். எல்லாம் வெச்சு புது வண்டி வாங்கித் தர்றேன்பா. இல்லன்னா கார்ல நானே கூட்டிட்டுப் போறேன்." எனக்கு மெசேஜ் வேறு: 'ப்ரோ, நீயாவது சொல்லு.' நேர்மையாகச் சொன்னால், அந்த அண்ணன் சொல்வது தப்பே இல்லை. 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேல் விற்கிற எல்லா புது பைக்குக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். மழை ரோட்டில் சடன் பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாது. சாருடையது ரெண்டு பக்கமும் டிரம் பிரேக், மனசும் சேர்ந்து பிடித்தால்தான் நிற்கும். புது வண்டி அவ்வளவு சீக்கிரம் நிற்கவும் நிற்காது. ஆனால் 2020-ல் பி.எஸ்.6 வந்த பிறகு புல்லட்டிலேயே கார்ப்பரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. சென்சார் மக்கர் பண்ணினால் விசிட்டிங் கார்டை வைத்து ஒன்றும் கிழிக்க முடியாது. ஸ்கேனர் வேணும், சர்வீஸ் சென்டர் வேணும், டவரும் வேணும். இரண்டில் எது சேஃப் என்று என்னைக் கேட்டால், மலைக்கு ஒரு பதில், மழைக்கு ஒரு பதில்.

சட்டமும் விடுவதாக இல்லை. 55 வயதைத் தாண்டினால் லைசென்ஸை ஐந்து ஐந்து வருஷத்துக்குத்தான் புதுப்பிப்பார்கள், டாக்டர் சர்டிஃபிகேட்டோடு. 15 வருஷம் தாண்டிய வண்டியின் ஆர்.சி.க்கும் அதே ஐந்து வருஷக் கணக்கு. "எனக்கும் வண்டிக்கும் ஒரே எஃப்.சி." என்று சார் சிரிப்பார்.

ஆனால் அவரே தனக்கு வைத்திருக்கும் டெஸ்ட் ஒன்று இருக்கிறது, ஆர்.டி.ஓ.வுக்குத் தெரியாது. மாதத்தின் முதல் ஞாயிறு, யார் உதவியும் இல்லாமல் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்ற வேண்டும். நூற்று அறுபது கிலோவுக்கு மேல் எடை. ஒருநாள் முடியாமல் போனால் மறுநாள் வண்டியை விற்றுவிடுவாராம். மனைவிக்கும் தெரியும், பையனுக்கும் தெரியும். அவர் கறாரான ஆள் என்பதும் தெரியும்.

பொங்கல் முடிந்ததும் பயணம். முதல் நாள் விழுப்புரம் வழியாகத் திருச்சி, இரண்டாம் நாள் புதுக்கோட்டை, ராமநாதபுரம், ராமேஸ்வரம். அறுபதுக்கு மேல் முள் ஏறக் கூடாது, மணிக்கொரு தடவை நிறுத்தம், இருட்டினால் ரூம். கிளட்ச் கேபிளோடு கேபிளாக ஒரு ஸ்பேர் கேபிளை இப்போதே ஒட்டி இழுத்து வைத்துவிட்டார். அறுந்தால் முனையை மட்டும் மாட்டிக்கொண்டு போகலாம். 1984-ல் பேச்சிலராக ரயிலில் ராமேஸ்வரம் போயிருக்கிறார். பாம்பனில் அப்போது ரோடு பாலமே கிடையாது, 1988-ல்தான் திறந்தார்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு மணலில்தான் போக வேண்டும், பாதியில் திரும்பிவிட்டாராம். 2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்துவிட்டது. அன்று திரும்பிய இடத்தைத் தாண்டி, ரோடு முடிகிற இடம் வரை போக வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

இந்த மாத முதல் ஞாயிறு, ஆறு மணி. நான் மதில்மேல் உட்கார்ந்திருந்தேன். ஸ்டாண்டை மிதித்து, பின்பக்கக் கைப்பிடியைத் தூக்கினார். ஏறவில்லை. இரண்டாவது தடவை பாதி ஏறி வழுக்கியது. நான் குதித்து ஓடினேன். ஒரு முறைப்பு. அங்கேயே நின்றுவிட்டேன். ஜன்னலில் அம்மா நிற்பது தெரிந்தது. மூன்றாவது தடவை 'கடக்' என்று ஏறி நின்றது.

டேங்க்கில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு அந்த வட்ட மூடியைத் திறந்து, ஸ்க்ரூடிரைவரை என் பக்கம் நீட்டினார்.

"நான் டைட் பண்ணிட்டேன். நீ ஒருக்கா பாத்துடு."

பார்த்தேன். டைட்டாகத்தான் இருந்தது.