பதில் சொல்பவருக்கு அதிகாரம் இல்லை

லூடோ செயலிகளின் விமர்சனப் பகுதியைத் திறந்து பார்த்தால் ஒரு குற்றச்சாட்டு திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: “எனக்கு மட்டும் ஆறு விழுவதில்லை; கம்பெனி ஏமாற்றுகிறது.” வீட்டுத் திண்ணையில் தாயக்கட்டை உருட்டிய காலத்தில் தாயம் விழாவிட்டால் சொந்தக் கையைத்தான் நொந்துகொண்டார்கள். இப்போது கட்டையை உருட்டுவது எங்கோ இருக்கும் சர்வர். சந்தேகமும் அங்கேதான் போகிறது.

கணக்கு என்னவோ எளிது. பகடையை இருபது முறை உருட்டியும் ஒரு ஆறுகூட விழாமல் போக நூற்றுக்கு 2.6 வாய்ப்பு உண்டு. பத்து லட்சம் பேர் ஆளுக்கு இருபது முறை உருட்டினால், எந்தத் தில்லுமுல்லும் இல்லாமலே சுமார் 26,000 பேர் ஆறைக் காணாமல் எழுந்து போவார்கள். அவர்களில் நூறு பேர் கோபத்தோடு புகார் எழுதினால் போதும், ஒரு ஊழியரின் வேலை நாள் முடிந்தது. நிகழ்தகவை விளக்கிப் பதில் எழுதினாலோ, “பாடம் எடுக்காதே” என்று ஒற்றை நட்சத்திரம் கிடைக்கும். அந்த நட்சத்திரம் அவருடைய மாத மதிப்பீட்டில் சேரும்.

மொபைல் விளையாட்டு நிறுவனங்களில் ‘பிளேயர் சப்போர்ட்’ என்று அழைக்கப்படும் பிரிவின் அன்றாடம் இதுதான். ஆறு விழாத புகார் அதில் வேடிக்கையான பகுதி. வாங்கிய டைமண்ட் (விளையாட்டுக்குள் செல்லும் நாணயம்) வந்து சேரவில்லை, பணம் மட்டும் போய்விட்டது. போன் மாற்றியதும் மூன்று வருட ஐடி காணாமல் போனது. ஒன்றுமே செய்யாமல் கணக்கைத் தடை செய்துவிட்டார்கள். எதிராளி சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினான். இப்படி வரும் ஒவ்வொன்றும் ‘டிக்கெட்’ என்ற பெயரில் வரிசையில் நிற்கிறது. முதல் பதில் எத்தனை நிமிடத்தில் போனது, ஒரு நாளில் எத்தனை டிக்கெட் முடிந்தது, ஆடுபவர் எத்தனை நட்சத்திரம் கொடுத்தார் என்பவைதான் அளவுகோல்கள். பிரச்சினை உண்மையிலேயே தீர்ந்ததா என்ற கேள்வி பெரும்பாலும் பின்னுக்குப் போய்விடுகிறது.

பதில் எழுதுபவர் யார் என்பதே ஆடுபவருக்குத் தெரியாது. விளையாட்டுக்குள்ளேயே ஒரு பொத்தானை அழுத்திப் புகார் சொல்லும் வசதியைப் பல நிறுவனங்களுக்குச் செய்துகொடுத்த ஹெல்ப்ஷிஃப்ட், புனேயில் வேர்கொண்ட நிறுவனம். 2022 டிசம்பரில் டப்ளினைச் சேர்ந்த கீவேர்ட்ஸ் ஸ்டூடியோஸ் 7.5 கோடி டாலர் வரை கொடுத்து அதை வாங்கியது. மற்றவர்களின் விளையாட்டுகளுக்கு மொழிபெயர்ப்பு, சோதனை, ஆடுபவர்களுக்குப் பதில் எழுதுவது எனப் பல வேலைகளை ஒப்பந்தத்தில் செய்து கொடுப்பது கீவேர்ட்ஸின் தொழில். ஆகவே, பெயர் சொல்லி அன்பாக விளித்து எழுதும் அந்த ‘நாங்கள்’ விளையாட்டை உருவாக்கிய கம்பெனியின் சம்பளப் பட்டியலிலேயே இல்லாமல் இருக்கலாம்.

பணம் பற்றிய புகாரில்தான் இந்த வேலையின் அவலம் நன்றாகத் தெரியும். அம்மாவின் போனில் ஆடும் பையனுக்கு யூபிஐ ரகசிய எண் மனப்பாடம். மாதக் கடைசியில் வங்கிக் கணக்கைப் பார்க்கும் அம்மா பதறிப்போய் எழுதுகிறார். ஐபோன் என்றால், பணத்தைத் திருப்பித் தருவதா இல்லையா என்று முடிவு செய்வது ஆப்பிள். விளையாட்டு நிறுவனத்தின் ஊழியரிடம் அதற்கான பொத்தானே கிடையாது. ஆண்ட்ராய்டு என்றால் வாங்கிய 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் கேட்கலாம். அதற்குப் பிறகு பெரும்பாலும் விளையாட்டு நிறுவனத்திடம் போகச் சொல்வார்கள். நிறுவனம் நினைத்தால் தரலாம், நினைக்காவிட்டால் இல்லை. ஒரே விளையாட்டு, ஒரே தொகை, கையில் இருக்கும் போனைப் பொறுத்து இரண்டு பதில். “எங்களால் இயலாது” என்று ஊழியர் எழுதுவது சில சமயம் உண்மை, சில சமயம் கம்பெனிக் கொள்கை. படிக்கும் அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அமெரிக்காவில் இந்த வழக்கு எப்போதோ நடந்து முடிந்தது. பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் குழந்தைகள் செலவழித்த பணத்துக்காக, கூட்டாட்சி வர்த்தக ஆணையத்துடன் 2014 ஜனவரியில் ஆப்பிள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கூகுளுக்குக் குறைந்தது 1.9 கோடி.

ஆனால் 2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட் விளையாட்டின் உரிமையாளரான எபிக் கேம்ஸ் மீது அதே ஆணையம் வைத்த குற்றச்சாட்டுதான் இங்கே நின்று படிக்க வேண்டியது. தாங்கள் அனுமதிக்காத கட்டணத்தை எதிர்த்துக் கடன் அட்டை நிறுவனத்திடம் முறையிட்டவர்களின் கணக்குகளை எபிக் பூட்டிவிட்டது என்றது ஆணையம். ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவையும் உள்ளேயே முடங்கின. தவறான கட்டணம் பற்றிப் பத்து லட்சத்துக்கும் அதிகமான புகார்கள் வந்தும், சொந்த ஊழியர்களே பல முறை எச்சரித்தும் நிறுவனம் கண்டுகொள்ளவில்லை என்றும் சொன்னது. முடிவில் 24.5 கோடி டாலரை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தரவும், குழந்தைகளின் தனியுரிமையை மீறியதற்காகத் தனியாக 27.5 கோடி அபராதம் கட்டவும் எபிக் ஒப்புக்கொண்டது.

பத்து லட்சம் புகார் என்றால் பத்து லட்சம் முறை யாரோ ஒருவர் அல்லது ஏதோ ஒரு மென்பொருள் அதைப் படித்து வகை பிரித்து வைத்திருக்க வேண்டும். கீழே இருப்பவர்களுக்குத் தெரிந்திருந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது அது கேட்பாரற்ற எண்ணாகிவிட்டது. உதவிப் பிரிவைச் செலவுக் கணக்கில் மட்டும் வைக்கும் எந்த நிறுவனத்திலும் இதுதான் நடக்கும்.

தடை விவகாரம் இன்னொரு தலைவலி. ஏமாற்றி ஆடுபவர்களைக் கண்டுபிடிக்க மென்பொருள் இருக்கிறது. அது சந்தேகக் குறி இட்டால் கணக்கு முடங்கும். எதை வைத்துக் கண்டுபிடித்தோம் என்று சொன்னால் ஏமாற்றுக்காரன் அடுத்த முறை தப்பித்துக்கொள்வான் என்பதால் காரணத்தைச் சொல்ல ஊழியருக்கு அனுமதி இல்லை. இதில் நியாயம் உண்டு. ஆனால் நிஜமாகவே தவறு செய்யாத ஒருவருக்கும் அதே அச்சடித்த பதில்தான் போகிறது: “மீளாய்வு செய்தோம், முடிவு இறுதியானது.” மீளாய்வு செய்தது யார், எதைப் பார்த்தார் என்பது பதிலில் இருக்காது. பல சமயம் பதில் எழுதியவருக்கும் தெரியாது.

சரி, ஊழியருக்கு எல்லா அதிகாரத்தையும் கொடுத்துவிட்டால் தீர்ந்ததா? இல்லை. 2022 ஜனவரியில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ஒன்றை ஒப்புக்கொண்டது: ஃபிஃபா 22 விளையாட்டில் பேர்பெற்ற சிலரின் கணக்குகளைத் திருடர்கள், நிறுவனத்தின் உதவிப் பிரிவு ஊழியர்களிடம் பேசியே கைப்பற்றியிருந்தார்கள். எண்ணிக்கை ஐம்பதுக்கும் குறைவு. கணினியை உடைக்கவில்லை. “என் கணக்கு, மின்னஞ்சலை மறந்துவிட்டேன், மாற்றிக் கொடுங்கள்” என்று சலிக்காமல் கெஞ்சியும் மிரட்டியும் கேட்டார்கள். யாரோ ஒருவர் இரக்கப்பட்டோ, களைத்துப்போயோ மாற்றிக் கொடுத்தார். இரண்டாண்டுகளுக்கு முன்பு, 2020-இல், ரோப்லாக்ஸ் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக் கருவியைக் கையாளும் ஒருவருக்கு லஞ்சம் கொடுத்து ஒரு ஊடுருவாளர் ஆடுபவர்களின் விவரங்களைப் பார்த்த செய்தியும் வெளிவந்தது.

இங்கே கதை வேறு வகையில் சிக்கலாகிறது. அரிய ஸ்கின்கள் (பாத்திரங்களுக்கான அலங்காரத் தோற்றங்கள்) கொண்ட ஐடியை டெலிகிராமிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்பது நம்மூர்ப் பையன்களிடையே சாதாரணம். விற்றவன் காசை வாங்கிக்கொண்டு, ஒரு மாதம் கழித்து “என் கணக்கைத் திருடிவிட்டார்கள்” என்று உதவிப் பிரிவுக்கு எழுதுகிறான். கணக்கு எந்த ஆண்டு தொடங்கியது, முதல் போன் எது, முதலில் டாப்-அப் செய்த ரசீது எங்கே என்று எது கேட்டாலும் பதில் வைத்திருப்பான், உண்மையில் அவனுடையதுதானே! ஏமாந்தது வாங்கியவன். ஆனால் கணக்கை விற்பதே விதிமீறல் என்பதால் அவன் வாய் திறக்க முடியாது. இரண்டு பதினாறு வயதுப் பையன்களில் யார் சொல்வது பொய் என்று ஒரு திரையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பட்டதாரி.

காசு செலவழிப்பவருக்கு வரிசை வேறு. ஸ்வர்வ் என்ற ஆய்வு நிறுவனம் 2014-இல் வெளியிட்ட கணக்கில், மொபைல் விளையாட்டுகளுக்குள் நடக்கும் விற்பனையின் வருமானத்தில் பாதியை ஆடுபவர்களில் 0.15 சதவீதம் பேர் மட்டுமே தருவதாகத் தெரிந்தது. அந்த ஆயிரத்தில் ஒன்றரைப் பேருக்குத் தனி உதவியாளர், உடனடிப் பதில் என்று பெரிய விளையாட்டுகள் கவனிக்கின்றன. வியாபாரத்தில் இது புதிதல்ல. ஆனால் அந்த ஒன்றரைப் பேரில் கட்டுப்பாடு இழந்து கடன் வாங்கிச் செலவழிப்பவரும் இருக்கலாம். அவரோடு அன்றாடம் பேசும் உதவியாளருக்குத்தான் அது முதலில் தெரியவரும். “கொஞ்சம் நிறுத்துங்கள்” என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டா என்பதை வைத்தே ஒரு நிறுவனத்தை எடை போட்டுவிடலாம். உயிரை விட்டுவிடுவேன் என்று எழுதுபவர்களும் உண்டு. அப்போது மாதிரிப் பதிலைத் தேடாமல், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கொடுத்துவிட்டு மேலாளரை எழுப்பத் தெரிந்த மனிதர் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும்.

அந்த நாற்காலிகள்தான் முதலில் காலியாகின்றன. 2019 பிப்ரவரியில் ஆக்டிவிஷன் பிளிசார்ட், முந்தைய ஆண்டில் சாதனை வருமானம் ஈட்டியதாக அறிவித்த அதே நாளில் ஊழியர்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேரை நீக்கப்போவதாகச் சொன்னது. விளையாட்டை உருவாக்காத பிரிவுகள்தான் பெரும்பாலும் அடிபட்டன. இப்போது வெட்டுவதற்குச் செயற்கை நுண்ணறிவு என்ற நல்ல காரணமும் கிடைத்திருக்கிறது. சுவீடனின் நிதிச் சேவை நிறுவனமான கிளார்னா 700 பேரின் வேலையைத் தன் உரையாடல் மென்பொருள் செய்வதாக 2024-இல் பெருமை பேசியது. அடுத்த ஆண்டே, தரம் குறைந்துவிட்டது, மனிதர்களை மீண்டும் எடுக்கிறோம் என்று அதன் தலைவர் சொல்ல நேர்ந்தது. ஏர் கனடாவின் மென்பொருள் ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொன்ன வழக்கில், மென்பொருள் சொன்னதற்கும் நிறுவனமே பொறுப்பு என்று 2024 பிப்ரவரியில் கனடியத் தீர்ப்பாயம் ஒன்று தீர்ப்பளித்தது. “கடவுச்சொல்லை எப்படி மாற்றுவது” போன்ற கேள்விகளுக்கு மென்பொருள் தாராளமாகப் பதில் சொல்லட்டும். காசும் தடையும் சம்பந்தப்பட்ட இடத்தில் அதை உட்கார வைப்பது கம்பெனியின் பொறுப்பைக் கழற்றி எறிவதாகும்.

இதில் தமிழ் எங்கே நிற்கிறது? உலகெங்கும் வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் ஃப்ரெஷ்டெஸ்க் 2010-இல் சென்னையில் பிறந்தது. ஜோஹோ டெஸ்க்கும் சென்னை நிறுவனத்தின் பொருள்தான். கருவி செய்யும் ஊருக்குக் குறைவில்லை. ஆனால் உசிலம்பட்டியிலிருந்து ஒரு மாணவன் டைமண்ட் வரவில்லை என்று எழுத வேண்டுமானால் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில்தான் எழுதுகிறான். தமிழில் எழுதினால் இயந்திர மொழிபெயர்ப்பு அதைப் பிசைந்து யாரிடமோ கொடுக்கிறது. தமிழில் விளம்பரம் செய்யத் தெரிந்த, தமிழ் யூடியூபர்களுக்குக் காசு கொடுக்கத் தெரிந்த நிறுவனங்களுக்கு, புகாரைப் படிக்க நாலு தமிழர்களை வேலைக்கு வைப்பது கைக்கு எட்டாத காரியமல்ல.

சட்டம் இல்லாமலும் இல்லை. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் டிஜிட்டல் பொருட்களுக்கும், இந்தியாவில் முறையாக விற்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் சேர்த்தே எழுதப்பட்டவை. குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன அவை. 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்தது. அத்தனை விவாதமும் அதைச் சுற்றியே முடிந்தது. சூதாட்டமல்லாத சாதாரண விளையாட்டில் ஐநூறும் ஆயிரமும் தொலைத்தவரைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

அரசு பேச வேண்டியவை அதிகமில்லை. காசு கொடுத்த கணக்கு தடை செய்யப்பட்டால் முறையீட்டை முதலில் முடிவெடுத்தவரல்லாத வேறொரு மனிதர் பார்க்க வேண்டும். என்ன வகைக் குற்றம் என்றாவது சொல்ல வேண்டும். வங்கியிடம் முறையிட்டதற்காகக் கணக்கைப் பூட்டக் கூடாது. குறிப்பிட்ட தொகை வரை மேலிடம் கேட்காமலே ஈடு கொடுக்கும் அதிகாரம் பதில் எழுதுபவருக்கு வேண்டும். கணக்கின் உரிமையை மாற்றுவதற்கு மட்டும் இருவர் கையொப்பம் இருக்கட்டும். ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுதோறும் எத்தனை புகார் வந்தது, எத்தனை தீர்ந்தது என்று வெளியிட வேண்டும்.

அதுவரை, பணம் போனவர்கள் பரிவர்த்தனை எண், தேதி, திரைப்பதிவு மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு விளையாட்டுக்குள்ளேயே புகார் எழுதுங்கள். திட்ட வேண்டாம், படிப்பவர் உங்கள் பணத்தை எடுத்தவரல்ல. ஒரு மாதம் கடந்தும் தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அங்கே தமிழிலேயே பேசலாம்.