அம்மா ஆபீஸுக்கு ஒரு டேபிள்!

செமஸ்டர் லீவு விட்டாச்சா? மல்லாக்கப் படுத்து ஃபேன் சுத்துறதை எண்ணிக்கிட்டு இருக்கிற மகாஜனங்களுக்கு இந்த வாரம் ஒரு வேலை வெச்சிருக்கேன். ஒரு சுத்தியல், நாலு உப்புத்தாள், கையில அஞ்சாயிரம் ரூபாய். இது போதும். வீட்டுக்குள்ளேயே ஒரு ஆபீஸ் ரூம் ரெடி பண்ணிடலாம். நானும் தங்கச்சியும் பண்ணினோம். அதுல நாங்க வாங்கின பல்பையும் சேர்த்தே சொல்றேன், கேளுங்க!

எங்க வீடு பசுமலையில. திருப்பரங்குன்றம் ரோட்டுல இருந்து உள்ளே திரும்பி, மலையைப் பார்த்துக்கிட்டே நடந்தா வரும். சின்ன வீடு. வாசல் பக்கம் பத்துக்கு எட்டுல ஒரு ரூம். பேருதான் ரூம். உள்ளே பழைய கட்டில், உடைஞ்ச சைக்கிள், தாத்தாவோட ட்ரங்க் பெட்டி, என்னோட ப்ளஸ் டூ கைடு எல்லாம் குடித்தனம் பண்ணிக்கிட்டு இருந்துச்சு.

எங்கம்மா போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. ஏஜென்ட். தெரியும்ல? மாசாமாசம் வீடு வீடாப் போய் பணம் வாங்கி, கார்டுல வரவு வெச்சு, லிஸ்ட் போட்டு, போஸ்ட் ஆபீஸ்ல கட்டுற வேலை. ஒவ்வொரு கணக்கும் 60 மாசம், அதாவது அஞ்சு வருஷம். 1972-ல இருந்து பெண்களுக்குன்னே நடக்கிற ஏஜென்சித் திட்டம் இது. அம்மா இந்த வேலைக்கு வந்து பதினாலு வருஷம் ஆச்சு. என் காலேஜ் ஃபீஸ்ல பாதி அந்தக் கமிஷன்தான்.

இத்தனை வருஷமா அவங்க ஆபீஸ் எது தெரியுமா? ஹால் மூலையில ஒரு பாய். பக்கத்துல பிஸ்கட் டின். டின்னுக்குள்ள கார்டுக் கட்டு, ரப்பர் பேண்டு, ரெண்டு பேனா. டி.வி. ஓடும், குக்கர் விசில் அடிக்கும். அம்மா குனிஞ்சு எழுதிக்கிட்டே இருப்பாங்க. எந்திரிக்கும்போது இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ‘அம்மாடி’. அவ்வளவுதான். லிஸ்ட் எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னு வந்ததும் தங்கச்சி லேப்டாப்பைக் கொண்டுபோய் அதே பாய்ல வெச்சோம். கூன் இன்னும் கொஞ்சம் கூடினதுதான் மிச்சம்.

ஒருநாள் தங்கச்சிதான் ஆரம்பிச்சா. “அண்ணே, அந்த ரூமை ஆபீஸாக்கிட்டா என்ன?”

“எதுக்குடா தம்பி தண்டச் செலவு?”னு அம்மா. “மொதல்ல அந்த சைக்கிளைத் தூக்கிப் போடுங்க”னு அப்பா. வேலை ஆரம்பம்!

ஸ்டெப் ஒண்ணு: காலி பண்ணு

பைசா செலவில்லாத ஐட்டம் இது. பழைய இரும்புக்காரர் சைக்கிளையும் கட்டிலையும் எடுத்துக்கிட்டு காசு கொடுத்துட்டுப் போனார். ரூம் காலியானதும்தான் சுவரே கண்ணுக்குத் தெரிஞ்சது. ஒரு மூலையில பெயின்ட் உப்பி, உதிர்ந்துக்கிட்டு இருந்துச்சு. இந்த மாதிரி இடத்துல அப்படியே மேல பெயின்ட் அடிச்சா ஆறே மாசத்துல திரும்ப உரியும். தண்ணி எங்கிருந்து இறங்குதுன்னு பார்த்து முதல்ல அதை அடைக்கணும். எங்களுக்கு மொட்டைமாடிக் குழாய் ஓரத்துல விரிசல். சிமென்ட் பூசி, காய விட்டு, சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சோம். மூணு நாள் தும்மல். மூக்குல துணி கட்டிக்கங்க மக்களே!

நாலு சுவருக்கும் அடிக்க பட்ஜெட் இல்லை. ரெண்டு சுவர், மொத்தம் 162 சதுர அடி. மூணு லிட்டர் வெளிர் மஞ்சள் எமல்ஷன், ரெண்டு கோட். சின்ன ரூமுக்கு வெளிர் நிறம்தான் நல்லது. ஜன்னல்ல வர்ற வெளிச்சத்தை அதுவே ரூம் பூரா திருப்பி அடிக்கும்.

ஸ்டெப் ரெண்டு: கதவைப் படுக்க வை

கடையில ஆபீஸ் டேபிள் விலையைக் கேட்டேன். அங்கேயே உட்காரணும்போல ஆயிடுச்சு. அப்பதான் ஜெஃப் பெசோஸ் ஞாபகம் வந்தார். 1995-ல அமேசான் சின்னக் கம்பெனியா இருந்தப்போ, டேபிளைவிடக் கதவு விலை கம்மியா இருக்கேன்னு கதவை வாங்கி, நாலு மரக்கால் அடிச்சு அதையே மேஜையாக்கிட்டாங்க. அந்தக் கதவு டேபிள்தான் பின்னாடி அந்தக் கம்பெனியோட சிக்கனத்துக்கே அடையாளமா ஆயிடுச்சு. இத்தாலியில என்ஸோ மாரினு ஒரு டிசைனர். 1974-ல, வெறும் பலகையும் ஆணியும் வெச்சு யார் வேணும்னாலும் செஞ்சுக்கிற மாதிரி டேபிள், சேர் டிசைன்களைப் போட்டு, தபால் செலவு அனுப்பினவங்களுக்கெல்லாம் சும்மாவே கொடுத்தார்.

நாம மட்டும் இளைச்சவங்களா? வீடு இடிச்ச மரச்சாமான் விக்கிற கடைக்குப் போனோம். ஆறரை அடிக்கு ரெண்டரை அடி கதவு ஒண்ணு சிக்குச்சு. பழைய கதவு வாங்கும்போது ரெண்டு விஷயம் பாருங்க. விரலை மடக்கித் தட்டினா ‘டொக் டொக்’னு காலியாச் சத்தம் வந்தா உள்ளே ஒண்ணுமில்லைன்னு அர்த்தம், வேண்டாம். ஓரத்துல மண் கோடு மாதிரி இருந்தா கரையான், கிட்டயே போகாதீங்க.

தாழ்ப்பாள் ஓட்டையை மரத்தூளும் பசையும் கலந்து அடைச்சோம். உப்புத்தாள் 80-ம் நம்பர்ல ஆரம்பிச்சு, 120, அப்புறம் 220. மேல ரெண்டு கோட் வார்னிஷ். வெல்டிங் பட்டறையில சதுர பைப்புல ரெண்டு கால் ஸ்டாண்டு. பழக்கடை அண்ணன்கிட்ட நாலு மரப்பெட்டி வாங்கி, ஆணியெல்லாம் பிடுங்கித் தேய்ச்சு, சுவர்ல மாட்டினா ஷெல்ஃப்! (ட்ரில் போடுறவங்க கவனம்: சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலயும் கீழயும் ஓட்டை போடாதீங்க, உள்ளே ஒயர் ஓடும். கரன்ட் வேலை எதுவா இருந்தாலும் எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிடுங்க. அங்க ஹீரோயிசம் வேண்டாம் பாஸ்.) ஜன்னலுக்கு அம்மாவோட பழைய சுங்குடிச் சேலையே திரை. 2005-ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம மதுரைச் சரக்கு, சும்மாவா?

டேபிளைப் போட்டு, லைட்டைப் போட்டு, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சோம். எக்கச்சக்க ஹார்ட்டு. அம்மாவும் “சூப்பரா இருக்குடா”ன்னாங்க.

மூணாம் நாள் பார்த்தா...

அம்மா மறுபடி பாய்ல! பிஸ்கட் டின்னும் கூடவே.

“என்னம்மா, டேபிள் பிடிக்கலையா?”

“அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்கு இதுதான் பழக்கம்.”

விட்டுருப்போம். தங்கச்சி விடலை. கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் டேபிள்ல உட்கார வெச்சு, “இப்ப எழுதும்மா, நான் பார்க்கணும்”னா.

அப்பதான் ரெண்டு பேருக்கும் உறைச்சது. அம்மா அஞ்சடி. டேபிள் உயரம் முப்பது இஞ்ச். கார்டுல எழுத அம்மா தோளைத் தூக்கணும். கால் தரையில படாம தொங்குது. ஜன்னல் வலது பக்கம் இருந்ததால, எழுதுற கையோட நிழல் அப்படியே கார்டு மேல விழுது. அதுமட்டுமா? வாசல்ல யாராவது “அக்கா, ஆர்.டி. பணம்”னு நின்னா அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. அந்த ஹால் மூலையில உட்கார்ந்தா கேட்டும் தெரியும், அடுப்படியும் தெரியும். பதினாலு வருஷமா அம்மா அங்க உட்கார்ந்ததுக்குக் காரணம் இருந்துச்சு. அதை நாங்க கேட்கவே இல்லை. சுவரை அளந்தோம், கதவை அளந்தோம், அம்மாவை அளக்கலை.

லாரி பேக்கரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. இங்கிலாந்துல பிறந்து, திருவனந்தபுரத்துல வாழ்ந்து, 2007-ல மறைஞ்ச கட்டடக்கலைஞர். சிக்கன வீடுகளுக்குப் பேர் போனவர். அந்த வீட்டுல யார் யார் இருக்காங்க, எப்படிப் புழங்குறாங்கன்னு உட்கார்ந்து பேசிட்டுத்தான் ப்ளானே போடுவார். நாங்க கடைசியில செஞ்சதை அவர் முதல்லயே செஞ்சிருக்கார்!

அம்மாவைச் சேர்ல உட்கார வெச்சோம். பாதம் தரையில, முழங்கையை மடக்கி... தரையில இருந்து முழங்கை வரைக்கும் அளந்தா இருபத்தஞ்சு இஞ்ச். ஸ்டாண்டைத் தூக்கிக்கிட்டு மறுபடி வெல்டிங் பட்டறை. “காலை வெட்டணுமா? அளந்துட்டு வரக் கூடாதா தம்பி?”னு சிரிச்சவர், அஞ்சு இஞ்ச் வெட்டிக் கொடுத்தார், காசு வாங்கலை. டேபிளை எதிர்ச் சுவருக்கு மாத்தினோம். இப்ப ஜன்னல் இடது பக்கம். நிழல் போச்சு. தலையைத் திருப்பினா கேட்டு. கார்டு வைக்க, கை எட்டுற உயரத்துக்கு ஒரு பெட்டியை இறக்கி மாட்டினோம். மஞ்சச் சுவர் அம்மாவோட முதுகுப் பக்கம் போயிடுச்சேன்னு நான் வருத்தப்பட்டேன். தங்கச்சி ஆன்லைன் இன்டர்வியூவுக்கு அதே டேபிள்ல உட்கார்ந்தப்போ பேக்கிரவுண்டு அதுதான், அட்டகாசம்!

பில்லு இதோ:

கதவு – 1,200
இரும்பு ஸ்டாண்டு – 1,400
பெயின்ட், பட்டி, பிரஷ் – 900
எல்.இ.டி. ட்யூப் – 250
மரப்பெட்டி நாலு – 300
வார்னிஷ், உப்புத்தாள், ஸ்குரூ – 550
சுங்குடித் திரை – அம்மா உபயம்
ஆக மொத்தம் ரூ. 4,600. மீதி 400-க்குக் குடும்பத்தோட ஜிகர்தண்டா.

போன வாரம் பணம் கட்ட வந்த ஒரு அக்கா உள்ளே எட்டிப் பார்த்து, “என்னக்கா, ஆபீஸ் போட்டுட்டீங்களா?”ன்னாங்க. அம்மா பேனாவை மூடிட்டு, “ஆமா, உள்ள வா, உட்காரு”ன்னாங்க. பதினாலு வருஷமா கேட்டுலயே நிக்க வெச்சு வரவு எழுதினவங்க, அன்னிக்குத்தான் முதல்தடவையா ஒருத்தரை உள்ளே உட்கார வெச்சாங்க. அப்பா ஹால்ல டி.வி. சவுண்டைக் குறைச்சார்.

சரி, உங்களுக்கு ஹோம்வொர்க். வர்ற ஞாயித்துக்கிழமை உங்க வீட்டை ஒரு சுத்து சுத்துங்க. தையல், டியூஷன், சீட்டுக் கணக்கு, மாவு வியாபாரம்... யாரோ ஒருத்தர் ஏதோ ஒரு மூலையில குனிஞ்சு உட்கார்ந்து வேலை பார்த்துக்கிட்டு இருப்பாங்க. கடைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி டேப்பை எடுத்துக்கிட்டு அவங்க பக்கத்துல போய் உட்காருங்க. அரை மணி நேரம் சும்மா பாருங்க. அப்புறம் அளங்க!

அடுத்த வாரம் பார்ப்போமா?