வாயிற்காவலரும் தொழுநோய்க் கிருமியும்

வடாலாவில் அக்வொர்த் மருத்துவமனை என ஒன்று இருப்பதை மும்பைவாழ் தமிழர் பலர் அறிவர். அறிந்தும் அதன் பெயரை வீட்டில் உரக்கச் சொல்ல அஞ்சுவர். 1890ஆம் ஆண்டில், அந்நாளைய பம்பாய் நகராட்சி ஆணையராயிருந்த ஹாரி அக்வொர்த் என்பார், தெருக்களில் ஆதரவற்றுத் திரிந்த தொழுநோயாளர்க்கெனப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி நிறுவிய இல்லம் அது. அக்காலத்தில் மாட்டுங்கா நகரின் விளிம்பு. ஆதலின் அது மாட்டுங்கா இல்லம் என்றே வழங்கிற்று. பின்னர் நகரம் வளர்ந்தது. மாட்டுங்காவில் நம்மவர் கோயிலும் கடையும் பள்ளியும் கண்டு குடியேறினர். இல்லமும் மாநகராட்சி மருத்துவமனையாகி இன்றளவும் நடந்து வருகிறது. அந்நோயைப் பற்றிய அச்சம் மட்டும் 1890இல் இருந்தவாறே இருக்கிறது.

இத்திங்கள் இதைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டார், பதினொரு வயதுப் பையனின் இடது முன்கையில் தேமல் போன்றதொரு வெளிறிய படையைக் கண்டனர். கிள்ளினாலும் அவனுக்கு வலியில்லை. அதைக் கண்டதும் வைத்தியரிடம் காட்டியிருக்க வேண்டும். அவர்களோ, வெளியே தெரிந்தால் வாடகைக்கு இருக்கும் அறை போய்விடும், மூத்தவளின் சம்பந்தம் முறிந்துவிடும் என்று அஞ்சிப் பையனைத் திருநெல்வேலிப் பக்கத்திலுள்ள பாட்டியிடம் அனுப்பிவிட்டனர். எட்டுத் திங்கள் கழித்து அவன் திரும்பியபோது சுண்டுவிரலும் அடுத்த விரலும் மடங்கத் தொடங்கியிருந்தன. அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆயினும் அக்கிருமி நம் உடலுள் என்ன செய்கிறது, உடல் அதற்கு என்ன செய்கிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தால் இவ்வாறு நேர்ந்திராது.

நம் உடலின் காவல் இருவகைப்படும். ஒன்று கற்றறியும் காவல். ஒருமுறை கண்ட பகையை நினைவில் வைத்து, மறுமுறை அதற்கென்றே ஆயுதம் வடித்து எதிர்ப்பது அது. அம்மை குத்துவதும் தடுப்பூசி போடுவதும் அதற்குப் பாடம் சொல்லுவதேயாம். முதன்முறை அது ஆயத்தமாவதற்குப் பல நாட்கள் செல்லும். மற்றொன்று பிறவிக் காவல். யாரும் கற்பியாமலே, கிருமி நுழைந்த சில மணி நேரத்துக்குள் எழுந்து நிற்பது அது. அந்த வாயிற்காவலரைப் பற்றியே இங்குச் சொல்லப் போகிறேன்.

இதனை முதலிற் கண்டவர் ருஷ்ய நாட்டு விஞ்ஞானி மெச்னிகாவ். 1882ஆம் ஆண்டு இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்தார். ஒருநாள் வீட்டார் அனைவரும் சர்க்கஸ் பார்க்கச் சென்றுவிட, அவர் மட்டும் பூதக்கண்ணாடியின் முன் அமர்ந்து, கண்ணாடிபோல் உள்ளே தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுகளை நோக்கிக்கொண்டிருந்தார். அவற்றின் உடலில் அலைந்து திரியும் சில அணுக்கள் காவற்காரராய் இருக்குமோ என்ற ஐயம் எழவே, தோட்டத்து ரோஜா முட்களைப் பறித்துக் குஞ்சுகளின் மேல் குத்திவைத்தார். மறுநாள் விடியலில் பார்த்தால், முள்ளைச் சுற்றிலும் அணுக்கள் மொய்த்து நின்றன! விழுங்கணுக்கள் என நாம் இன்று சொல்லுபவை அவையே. இக்கண்டுபிடிப்புக்காக 1908இல் பால் எர்லிக் என்பாரோடு அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த மெச்னிகாவுக்கும் நமது பரேலுக்கும் ஓர் உறவு உண்டு. ஒடெசாப் பல்கலைக்கழகத்தில் அவரிடம் பயின்ற மாணவர் வால்டெமார் ஹாஃப்கின். ஆசிரியர் பாரிஸிலுள்ள பாஸ்டர் நிலையத்துக்குச் சென்றபின் மாணவரும் 1889இல் அங்குச் சென்று, கிடைத்தது நூலகத்தில் உதவியாளர் வேலையேயாயினும் ஏற்றுக்கொண்டார். (சிறு வேலையில் இருப்பவர்கள் கவனிக்க!) 1896இல் பம்பாயில் கொள்ளைநோய் பரவியபோது இந்திய அரசின் அழைப்பின்பேரில் இங்கு வந்து, தடுப்பூசி ஆக்கி, 1897ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் அதை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். அவருடைய ஆய்வுக்கூடம் 1899இல் பரேலிலிருந்த பழைய கவர்னர் மாளிகைக்கு மாறிற்று. 1925 முதல் அது ஹாஃப்கின் நிலையம் எனப் பெயர் பெற்றது. ஆசிரியர் கண்டது பிறவிக் காவல். மாணவர் பழக்கியது கற்றறியும் காவல்.

விழுங்கணு கிருமியை விழுங்குகிறது என்பது சரி. ஆனால் முன்பின் கண்டிராத ஒன்றைப் பகையென்று அஃது எவ்வாறு அறியும்? நம் சொந்த அணுக்களை ஏன் விழுங்குவதில்லை? இக்கேள்விக்கு விடை கிடைக்க நூறாண்டுக்கு மேலாயிற்று.

பார்சல் ஆபீஸில் வேலை பார்ப்போர்க்கு இது எளிதில் விளங்கும். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மூட்டைகள் வருகின்றன. அனுப்புகிறவர் யார், எவர் என்று நாம் அறியோம். ஒவ்வொன்றையும் அவிழ்த்துப் பார்ப்பதுமில்லை. ஆயினும் மண்ணெண்ணெய் வாடை வீசினாலோ, சாக்கின் அடியில் கசிவு தெரிந்தாலோ அம்மூட்டையை உடனே ஒதுக்கி வைக்கிறோம். ஆளைத் தெரியவேண்டியதில்லை, குறி தெரிந்தால் போதும். 1989இல் அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் ஜேன்வே இத்தகைய கருத்தொன்றை வெளியிட்டார். கிருமிகளின் சுவரிலும் உறுப்பிலும், நம் உடல் என்றுமே உண்டாக்காத சில பொருள்கள் உண்டு; அவற்றை உணரும் ஏற்பிகள் காவலணுக்களில் பிறவியிலேயே அமைந்திருக்க வேண்டும் என்றார்.

சான்று ஓர் ஈயிடமிருந்து வந்தது. பழத்தை மொய்க்கும் சிறு ஈயில் டோல் என்றொரு மரபணு உண்டு. அது கெட்டுப்போன ஈக்கள் காளானுக்கு எதிர்நிற்க மாட்டாமல் மடிவதைப் பிரான்சில் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர் 1996இல் கண்டனர். இரண்டே ஆண்டுகளில், அதையொத்த ஏற்பி எலியின் உடலிலும் இருந்து, சிலவகைக் கிருமிகளின் மேலுறையிலுள்ள நச்சுப் பொருளை அறிகிறது என புரூஸ் பாய்ட்லர் நிறுவினார். இருவரும் 2011இல் நோபல் பரிசு பெற்றனர். மனிதனிடம் இத்தகைய டோல் ஏற்பிகள் பத்து உள்ளன. ஒன்று கிருமியின் மேலுறையை அறியும். ஒன்று அது நீந்தப் பயன்படும் வாலை அறியும். ஒன்று வைரஸின் இரட்டை இழையை அறியும். குறி தென்பட்டவுடன் காவலணு தானும் விழுங்க முற்படும். வேதிப் பொருள்களைச் சுரந்து பிறரையும் அழைக்கும். முள் குத்திய இடம் சிவந்து, சூடேறி, வீங்குகிறதே, அது இந்த அழைப்பின் விளைவு. சுரமும் பெரும்பாலும் அதனால் வருவதே.

இனித் தொழுநோய்க் கிருமிக்கு வருவோம். 1873இல் நார்வே நாட்டு வைத்தியர் ஹான்சன் இதைக் கண்டார். இது மிக மெதுவாகப் பெருகுவது. ஒன்று இரண்டாவதற்கு ஏறக்குறைய இரு வாரம் பிடிக்கும். ஆதலின் நோய் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகலாம். இதன் மரபணுத் தொகுதி முழுவதையும் 2001இல் படித்து முடித்தனர். அதற்கெடுத்த கிருமி தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து பெற்றது. ஆகவே அவ்வகைக்கு 'டி.என்.' என்றே பெயர். படித்துப் பார்த்தால் 1,100க்கு மேற்பட்ட மரபணுக்கள் பழுதாகிக் கிடக்க, சுமார் 1,600 மட்டுமே தொழிற்படும் நிலையில் இருந்தன. தனித்து வாழும் திறனையே பெரிதும் இழந்துவிட்ட கிருமி இது. பிறர் வீட்டில் ஒட்டியிருந்தாலன்றி இதற்குப் பிழைப்பில்லை.

அது ஒட்டியிருக்கும் வீடு எது தெரியுமா? காவற்காரனின் வயிறே! டோல் ஏற்பிகளுள் இரண்டு இணைந்து இக்கிருமியின் சுவரிலுள்ள கொழுப்புப் புரதத்தை அறிகின்றன. விழுங்கணுவும் அதை விழுங்குகிறது. பெரும்பாலோரிடம் கதை அங்கேயே முடிந்துவிடும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இக்கிருமியை வெல்லும் ஆற்றல் இயல்பாகவே உண்டு என்பது வைத்தியர்களின் கணக்கு. சிலரிடம் மட்டும், மெழுகு போன்ற உறை போர்த்திய இக்கிருமி செரிக்கப்படாமல் உள்ளேயே தங்கிப் பெருகுகிறது. விழுங்கிய அணுவோ கொழுப்பு நிறைந்து நுரைபோல் உப்பிவிடுகிறது. இந்த நுரையணுக்களை விவரித்த ஜெர்மானியர் விர்ஹோவ், மெசினாவில் மெச்னிகாவை நேரிற் சந்தித்து ஊக்கியவர்.

அடுத்ததே நம் குடும்பங்கள் அறிய வேண்டிய செய்தி. விரல் மடங்குவதும், கால் மரத்துப்போவதும் கிருமி தின்றதனால் என்று பலரும் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. கேம்பிரிட்ஜில் ஆராய்ந்துவரும் லலிதா ராமகிருஷ்ணன் (சிதம்பரத்திற் பிறந்த நோபல் அறிஞர் வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை இவர்) அமெரிக்க ஆய்வாளரோடு சேர்ந்து 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அவர்கள் எடுத்துக்கொண்டதும் உள்ளே தெரியும் மீன்குஞ்சுதான்; ஜீப்ரா மீன் என்பது. கிருமியை விழுங்கிய அணுக்கள் நரம்பின் பக்கத்தில் நின்று, அதைக் கொல்லும் பொருட்டு நைட்ரிக் ஆக்சைடு என்னும் நச்சுவாயுவைச் சுரக்க, நரம்பின் உறையும் உள்ளிழையும் அதனாற் சேதமுற்றதைக் கண்டனர். திருடனைப் பிடிக்க ஓடிய காவலர் சிக்னல் கம்பியை மிதித்து அறுத்ததற்கு ஒப்பாகும் இது. மனிதரிடமும், நோயின் நடுவிலும், மருந்து உண்ணும்போதும், ஏன், மருந்து முடிந்த பின்னரும்கூட, காவலின் சீற்றம் திடீரென எழுவதுண்டு. படை சிவந்து வீங்கும். முழங்கை நரம்பு வலிக்கும். கையோ காலோ வலுவிழக்கும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என எண்ணி நிறுத்திவிடுவோர் உளர். நிறுத்தலாகாது, அன்றே வைத்தியரிடம் செல்லவேண்டும். சீற்றத்தைத் தணிக்கப் பிரெட்னிசலோன் என்ற மருந்து உண்டு. காலத்தில் கொடுத்தால் நரம்பைக் காக்கலாம். திங்கட்கணக்கில் தாமதித்தால் விரல் நிமிர்வது அரிது.

கிருமியைக் கொல்லும் மருந்துகளோ 1981இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்தவை: ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின். நோயின் அளவைப் பொறுத்து 6 திங்கள் அல்லது 12 திங்கள் உண்ண வேண்டும். மாநகராட்சி மருந்தகங்களில் காசு வாங்குவதில்லை. மருந்து தொடங்கியபின் நோயாளியிடமிருந்து பிறருக்குத் தொற்றாது. ஆகவே தட்டையும் பாயையும் ஒதுக்கி வைப்பது வீண். உடன் வாழ்வோர்க்குத் தடுப்பாக ஒரே வேளை ரிஃபாம்பிசின் கொடுப்பதும் இப்போது வழக்கில் வந்துள்ளது. தாராவியின் சந்துகளில் இப்பணியைச் செய்தவர்களுள், 1976இல் மருத்துவர் ஆர். கணபதி தொடங்கிய பம்பாய் தொழுநோய்த் திட்டத்தினர் குறிப்பிடத்தக்கவர்.

நம் நாட்டில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே நோய் இறங்கிவிட்டது என்று 2005இன் இறுதியில் அறிவித்தனர். அது கேட்டு நோயே ஒழிந்தது எனப் பலர் கருதிவிட்டனர். ஆயினும் 2022இல் மட்டும் ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட புதிய நோயாளர் இந்தியாவில் கண்டறியப்பட்டனர். உலகக் கணக்கில் பாதிக்கு மேல் இது.

சம்பந்தம் முறியும் என்று அஞ்சிய வீட்டார்க்காக மற்றொன்று. நோயாளரைப் பிடித்து அடைக்க இடந்தந்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணங்காட்டி மணவிலக்குக் கோரும் விதியையும் 2019இல் நாடாளுமன்றம் எடுத்துவிட்டது.

வெளிறிய அல்லது சிவந்த படையில் பஞ்சால் தடவினால் உணர்ச்சி தெரியவில்லை என்றால் அந்த வாரமே காட்டுங்கள். குளோஃபசிமின் உண்ணும்போது தோல் கருத்துவிடும். அக்கம்பக்கத்தார் என்ன என்று கேட்பர் என்று அஞ்சி மாத்திரையைப் பரணில் ஒளித்துவைப்போர் உண்டு. அந்நிறம் மருந்து முடிந்த சில திங்களில் மெல்ல மெல்ல நீங்கிவிடும். ரிஃபாம்பிசின் உண்ட நாளில் சிறுநீர் சிவந்து போவதும் இரத்தமன்று, மருந்தின் நிறமே.